பிஎம்டபிள்யூ 335ஐ: சிறு பெட்டி கூட்டிய சக்தியும் அது கெடுத்த சாட்சியமும்

2006-ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் ஷோவில் பிஎம்டபிள்யூ ஒரு புது எஞ்சினைக் காட்டியது. பெயர் என்54. கொள்ளளவு 2979 சிசி. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், மூன்று சிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு சிறிய மிட்சுபிஷி டர்போக்கள் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சாதனங்கள்), 200 பார் அழுத்தத்தில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் பீசோ இன்ஜெக்டர்கள். ஐரோப்பாவில் 306 குதிரைத்திறன் என்றும் அமெரிக்காவில் 300 என்றும் அறிவித்தார்கள். முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர். அது 1,300 ஆர்பிஎம்மிலேயே வந்து 5,000 வரை அப்படியே நிற்கும். 2007, 2008 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருது இதற்குத்தான் போனது.

இந்த எஞ்சினை 3 சீரீஸ் செடானில் வைத்தபோது அந்தக் காருக்கு 335ஐ என்று பெயர். அமெரிக்காவில் விலை சுமார் 40 ஆயிரம் டாலர். அப்புறம் வந்த, அதே 3 சீரீஸின் அதிவேக மாடலான எம்3 செடானில் நான்கு லிட்டர் வி8 எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 414 குதிரைத்திறன். விலையும் அதற்கேற்ப நன்றாகவே கூடுதல். ஆனால் எம்3-ன் முறுக்குவிசையும் அதே 400 நியூட்டன் மீட்டர்தான். 335ஐ வாங்கியவர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே முறுக்குவிசை ஏறிவிடும். எம்3-க்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்தால், முந்திச் செல்லும் வேகத்தில் அதைத் தொட்டுவிடலாம் என்று கணக்கு போட்டார்கள். கணக்கு சரிதான். அங்கிருந்துதான் சிக்கலும் ஆரம்பித்தது.

டியூனிங்கும் (எஞ்சின் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டுவது) வாரண்டியும் மோதுவதைப் புரிந்துகொள்ள இந்தக் காரைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. மென்பொருளை மட்டும் மாற்றியே இவ்வளவு சக்தி எடுக்க முடிந்த எஞ்சின் அன்று அரிது. அதே எஞ்சினில், யாரும் கைவைக்காமலேயே பழுதாகிற பாகங்களும் இருந்தன. இரண்டும் ஒரே காரில் சேர்ந்தபோது, பழுதுக்குக் காரணம் யார் என்ற கேள்விக்கு யாராலும் எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பெட்டி என்ன செய்தது

என்54 எஞ்சினை நிர்வகித்தது சீமென்ஸ் தயாரித்த எம்எஸ்டி80 என்ற கணினி. கார் புதிதாக வந்த காலத்தில் அதன் உள்ளே புகுந்து மென்பொருளை மாற்றி எழுத வெளியாட்களுக்கு வழி தெரியவில்லை. அதனால் முதலில் வந்தவை பிக்கிபேக் என்று சொல்லப்படும் பெட்டிகள். கணினிக்கும் சென்சார்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, வழியிலேயே சிக்னலை மாற்றி அனுப்புகிற சிறு சாதனங்கள் அவை. ஜேபி3, புரொசீட் என்ற பெயர்கள் 335ஐ வைத்திருந்தவர்களுக்கு நன்றாகவே பழக்கம்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஓட்டுநர் பெடலை மிதித்தால் அது கணினிக்கு "இவ்வளவு முறுக்குவிசை வேண்டும்" என்ற கோரிக்கை. அதற்கு எவ்வளவு காற்று தேவை, அதற்கு டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று கணினி கணக்கிட்டு, வேஸ்ட்கேட் என்ற, டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவைத் திறந்து மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்கும். ஒரிஜினல் காரில் உச்ச பூஸ்ட், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம், ஏறத்தாழ 8 முதல் 8.5 பிஎஸ்ஐ. பெட்டி செய்வது, உண்மையில் 14 பிஎஸ்ஐ இருக்கும்போது கணினியிடம் 8.5 என்று காட்டுவது. இலக்கை இன்னும் தாண்டவில்லை என்று நம்பும் கணினி, வேஸ்ட்கேட்டை மூடியே வைத்திருக்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. ஒரிஜினல் காரில் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 14.7-உம் 8.5-உம் சேர்ந்து 23.2. டியூன் செய்த காரில் 28.7. அதாவது சுமார் 24 சதவீதம் கூடுதல் காற்று. 300 குதிரைத்திறனை அதே விகிதத்தில் பெருக்கினால் 370 பக்கம் வரும். வெப்பத்தால் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான். பெட்டியை மாட்ட ஒரு மதியம் போதும், கழற்றவும் அவ்வளவு நேரம்தான்.

இப்போது மறுபக்கம். என்54-ல் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கிடையாது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான் காற்றின் அளவைக் கணினி ஊகிக்கிறது. அழுத்தம் பொய் என்றால் ஊகமும் பொய். குறைவான காற்று வருகிறது என்று நினைத்துக் குறைவான பெட்ரோலைக் கணக்கிடும். பிறகு ஆக்சிஜன் சென்சார் "கலவையில் பெட்ரோல் போதவில்லை" என்று சொல்ல, கணினி திருத்தம் போட்டுப் போட்டுப் பெட்ரோலைக் கூட்டும். ஃபியூயல் டிரிம் என்ற அந்தத் திருத்த எண் கணினியின் நினைவில் பதிந்து நிற்கும்.

இக்னிஷன் நேரம் இன்னும் கவலைக்குரியது. லோடு, அதாவது எஞ்சின் மேல் விழும் வேலைப்பளு, குறைவாக இருக்கும்போது தீப்பொறியை முன்கூட்டியே விடலாம். லோடு ஏற ஏறத் தள்ளிப்போட வேண்டும். உண்மையான லோடு அதிகமாக இருக்க, குறைந்த லோடுக்கான நேரத்தில் தீப்பொறி விழுந்தால் நாக் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். நாக் சென்சார் கேட்டுச் சரிசெய்யும்தான். ஆனால் அது நடந்த பிறகு செய்யும் திருத்தம். ஒவ்வொரு முறையும் பிஸ்டன் அந்த அடியை வாங்கிய பிறகுதான். கலிபோர்னியாவில் பிரீமியம் பெட்ரோலே 91 ஆக்டேன்தான் (எண் குறைந்தால் நாக் எளிதில் வரும்). ஐரோப்பிய முறையில் அது 95, 96 பக்கம். ஜெர்மனியில் 98 கிடைக்கிறது. அதே பெட்டி, அதே கார், ஊருக்கு ஊர் வேறு ஆபத்து.

நல்ல பெட்டி செய்தவர்கள் இதையெல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்டேனுக்கு ஏற்ப மேப் (பூஸ்ட் அளவுகளின் அட்டவணை), வெப்பம் ஏறினால் பூஸ்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு, கலவை கெட்டால் உடனே ஒரிஜினல் நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு எல்லாம் வைத்தார்கள். அப்படி ஓடிய கார்கள் பல, பல ஆண்டுகள் ஒழுங்காகவே ஓடின. டியூனிங் என்றாலே எஞ்சின் நாசம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

பம்ப் தானாகவே கெட்டது

200 பார் அழுத்தத்தை உண்டாக்குவது உயர் அழுத்த எரிபொருள் பம்ப். என்54-ன் பெரிய பலவீனம் இதுதான். சாவி போட்டால் எஞ்சின் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கும். நெடுஞ்சாலையில் போகும்போது திடீரென்று சக்தி குறைந்து, எஞ்சினைக் காக்கக் கணினி சக்தியைக் கட்டுப்படுத்தும் லிம்ப் மோடுக்குப் போகும். பெட்டியையே பார்த்திராத, குடும்பத்தோடு கடைக்குப் போய்வரும் கார்களிலும் இது நடந்தது. பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் இந்தப் பம்புக்கு மட்டும் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 120,000 மைல் என்று நீட்டியது. 2010 அக்டோபரில், இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட சுமார் 130,000 கார்களை இதற்காகவே ரீகால் செய்தது. டர்போவின் வேஸ்ட்கேட் தேய்ந்து கடகடவென்று சத்தம் போட்ட விவகாரத்திலும் வாரண்டியை நீட்ட வேண்டிவந்தது.

ஒரு காரைக் கற்பனை செய்துகொள்வோம். 2008 மாடல், 30,000 மைல் ஓடியது. அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ புதுக் காருக்குத் தந்த 4 ஆண்டு அல்லது 50,000 மைல் வாரண்டிக்குள் இருக்கிறது. உரிமையாளர் ஓராண்டாகப் பெட்டி மாட்டியிருக்கிறார். ஒருநாள் பம்ப் கெடுகிறது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு டீலரிடம் போகிறார்.

பம்ப் தானாகக் கெட்டிருக்கலாம். அந்த வரிசைக் கார்களில் அதற்கான வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். 24 சதவீதம் கூடுதல் பெட்ரோல் கேட்டுக் கேட்டு அதைப் பெட்டி சோர்வடையச் செய்திருக்கலாம். முதலிலேயே பலவீனமாக இருந்த பம்பைப் பெட்டி சீக்கிரம் முடித்துவைத்திருக்கவும் கூடும். மூன்றும் நியாயமான விளக்கங்கள். எது உண்மை என்று சொல்ல வேண்டிய சாட்சி எது? காரின் கணினி. பழுது பதிந்த நொடியில் எஞ்சின் வேகம், லோடு, பூஸ்ட், எரிபொருள் அழுத்தம் எவ்வளவு என்று அது எழுதி வைத்திருக்கும்.

அந்தச் சாட்சியிடம் ஓராண்டாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாமீட்டரை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு காய்ச்சல் குறிப்பு எழுதியதற்குச் சமம். பூஸ்ட் 8.5 என்று பதிவு சொன்னாலும் உள்ளே என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது: ஃபியூயல் டிரிம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நிற்கும், பூஸ்ட் இலக்குக்கும் அளவுக்கும் ஒத்துப்போகாததால் வரும் 30எஃப்எஃப் போன்ற ஃபால்ட் கோடுகள் இருக்கலாம். அதாவது, பதிவில் மிஞ்சியிருக்கும் உண்மையான தடயங்கள் உரிமையாளருக்கு எதிராக நிற்கின்றன. அவருக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய பதிவுகள் நம்பத்தகாதவை ஆகிவிட்டன.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான விஷயம் இது. பூஸ்ட் கூடியதைவிட, பழுதின் காரணத்தை நிரூபிக்கும் வழி அடைபட்டதுதான் பெரிய இழப்பு. பம்ப் தயாரிப்புக் குறையால் கெட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் காட்ட உரிமையாளரிடம் எதுவும் இல்லை.

சட்டம் எதுவரை வரும்

அமெரிக்காவில் மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டம் 1975 முதல் இருக்கிறது. கம்பெனி ஓர் உதிரிபாகத்தையோ சர்வீஸையோ இலவசமாகத் தராதவரை, "எங்கள் பாகத்தை மட்டும்தான் போட வேண்டும், எங்களிடம் மட்டும்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை" என்று நிபந்தனை போடக் கூடாது என்பது அதன் ஒரு முக்கியமான விதி. அமல்படுத்துவது ஃபெடரல் டிரேட் கமிஷன். இது ஏட்டில் தூங்கும் சட்டம் இல்லை. 2015-ல் இதே பிஎம்டபிள்யூவின் அமெரிக்கக் கிளை மீது, அதன் மினி கார் பிரிவு வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் சொல்லியது என்று கமிஷன் குற்றம் சாட்டி, சமரச உத்தரவு போட்டது.

டியூனிங்காரர்கள் விளம்பரங்களில் இந்தச் சட்டத்தின் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. வெளிச் சந்தைப் பாகம் ஒன்று மாட்டியிருக்கிறது என்பதாலேயே மொத்த வாரண்டியும் ரத்து என்று டீலர் சொன்னால் அது செல்லாது. பூஸ்ட் பெட்டி மாட்டிய காரில் ஜன்னல் மோட்டார் கெட்டாலோ ஏசி நின்றாலோ வாரண்டி இருக்கத்தான் வேண்டும். அதே சட்டத்தின்படி, வெளிப் பாகம்தான் இந்தப் பழுதை உண்டாக்கியது என்று காட்ட முடிந்தால், அந்தப் பழுதுக்கு மட்டும் கம்பெனி மறுக்கலாம். காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது.

ஆக, பெட்டியின் வேலைக்கு ஒரு பாகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாமே. பிஸ்டன், டர்போ என்றால் கம்பெனிக்கு வாதம் எளிது. கியர்பாக்ஸும் கிளட்சும் அடுத்து. கூடிய முறுக்குவிசை நேராக அவற்றின் மேல்தான் இறங்குகிறது. எரிபொருள் பம்ப் நடுவில், இழுபறியாக நிற்கிறது. என்54-ன் மின்சார வாட்டர் பம்ப் அடிக்கடி கெடும் பொருள். அதற்கும் பூஸ்ட்டுக்கும் தொடர்பு காட்டுவது கடினம். நேரடி செலுத்தல் எஞ்சின்களில் இன்டேக் வால்வில் படியும் கார்பனும் அப்படித்தான். பெட்ரோல் அந்த வால்வைக் கழுவாததால் படிவது அது, டியூனிங்கால் வருவதில்லை.

சட்டத்தின் இந்தத் தெளிவு சர்வீஸ் கவுண்டரில் அப்படியே கிடைக்காது. நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்பது நீதிமன்றத்தில் உயிர்பெறும் விதி. கவுண்டரில் மறுப்பு ஒரே வரியில் வரும். அந்த வரியை எதிர்த்து வக்கீல் வைத்து, தனி நிபுணரை வைத்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, அந்த மாதங்களில் கார் இல்லாமல் அலைந்து போராட வேண்டியவர் உரிமையாளர்தான். ஒரு பம்புக்காக எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்? சட்டம் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் பெட்டி வாங்குபவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. டியூனிங்கின் அடுத்த கட்டமாகப் பலர் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாட்டினார்கள். சாலையில் ஓடும் காரில் அது சுத்தக் காற்றுச் சட்டத்தை மீறுவது. அதோடு, கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் கணினிக்கும் அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி 8 ஆண்டு அல்லது 80,000 மைல் மாசுக்கட்டுப்பாட்டு வாரண்டி தனியாக உண்டு. சாதாரண வாரண்டி முடிந்த பிறகும் நிற்கும் பாதுகாப்பு அது. அதை இழந்தது பலருக்கு இழந்த பிறகுதான் தெரிந்தது.

தயாரிப்பாளர் கையால் வந்த டியூன்

பிஎம்டபிள்யூவே இதே காருக்கு ஒரு டியூன் விற்றது. பெர்ஃபார்மன்ஸ் பவர் கிட் என்று பெயர், டீலரிடம் மாட்டிக்கொள்ளலாம், வாரண்டி அப்படியே இருக்கும். கூடிய சக்தி எவ்வளவு தெரியுமா? ஐரோப்பாவில் 306 குதிரைத்திறன் 326 ஆனது. வெறும் 20. அதற்கு மென்பொருளோடு கூடுதல் ரேடியேட்டரும் வலுவான ஃபேனும் சேர்த்துப் பொருத்தினார்கள்.

அல்பினாவைப் பாருங்கள். பிஎம்டபிள்யூவோடு இணைந்து வேலை செய்யும், தன் பெயரிலேயே கார் விற்று, தன் வாரண்டியே தரும் நிறுவனமாக இருந்தது. இதே எஞ்சினை எடுத்து 2007-ல் பி3 பைடர்போ செய்தபோது 360 குதிரைத்திறன் கொடுத்தது. பெட்டி மாட்டிய 335ஐ தந்த அதே அளவுதான். ஆனால் அதற்காக எஞ்சினைத் திறந்து மாலே நிறுவனத்தின் வேறு பிஸ்டன்கள் போட்டது. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கம்ப்ரஷன் விகிதத்தை 10.2-லிருந்து 9.4-க்கு இறக்கியது.

326, 360 என்ற இந்த இரண்டு குதிரைத்திறன் எண்களையும் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஓர் எஞ்சினுக்குள் எவ்வளவு சக்தி ஒளிந்திருக்கிறது என்பது வேறு. தன் சொந்தப் பணத்தில் பழுதுபார்த்துத் தருகிறேன் என்று கையெழுத்துப் போடுபவர் அதில் எவ்வளவை எடுக்கத் துணிகிறார் என்பது வேறு. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் 20 எடுத்துக் குளிர்விப்பைக் கூட்டினார்; இன்னொருவர் 54 எடுத்துப் பிஸ்டனையே மாற்றினார். கையெழுத்துப் போடாதவர் 70 எடுத்து எதையும் மாற்றவில்லை. இந்த மூவரின் எஞ்சினும் ஒன்றேதான்.

நடுவழி ஒன்றும் இருந்தது. கலிபோர்னியாவின் டினான் நிறுவனம் தன் டியூனைப் பிஎம்டபிள்யூ டீலர்கள் வழியாகவே விற்றது. தன் பொருளால் வந்த பழுது என்று பிஎம்டபிள்யூ மறுத்தால் செலவைத் தானே ஏற்கும் வாரண்டியைப் பிஎம்டபிள்யூவின் காலத்துக்கு இணையாகத் தந்தது. விலை கூடுதல், சக்தி மற்றப் பெட்டிகளைவிட அடக்கம். அன்று பலர் அதைத் தேவையில்லாத செலவு என்றார்கள். அந்தக் கூடுதல் பணம் முழுவதும் பொறுப்பை ஏற்பதற்கான விலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்துக்கு ஒரே காராக 335ஐ வைத்திருந்தவருக்கு அது நியாயமான விலை.

ஆடி போட்ட அடையாளம்

335ஐ காலத்தில் பெட்டியைக் கழற்றிவிட்டு டீலரிடம் போவது சாதாரண வழக்கமாக இருந்தது. இதை நான் ஆதரிக்க மாட்டேன். நடந்ததை மறைத்து இன்னொருவர் பணத்தில் பழுதுபார்த்துக்கொள்வது ஏமாற்றுதான். அதன் விளைவை நேர்மையான உரிமையாளர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள்: கம்பெனிகள் எல்லோரையும் சந்தேகிக்கும் அமைப்புகளைக் கட்டின.

ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் அது டிடி1 என்ற குறியீடாக வந்தது. சர்வீஸ் சென்டரில் காரை டயக்னஸ்டிக் கருவியோடு இணைத்தால் எஞ்சின் கணினியின் மென்பொருள் விவரம் கம்பெனி சர்வருக்குப் போய், ஒரிஜினலோடு ஒப்பிடப்படும். மாற்றம் தெரிந்தால் அந்தக் காரின் சேஸிஸ் எண்ணின் மேல் டிடி1 விழும். அதன் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பான வாரண்டிக் கோரிக்கை கணினி அமைப்பிலேயே தடைபடும். ஆடி எஸ்4 போன்ற கார் வைத்திருப்பவர் ஆயில் மாற்ற மட்டும் போயிருக்கலாம்; பழுது எதுவுமே இல்லாத நாளில்கூட அடையாளம் விழலாம். ஒரிஜினல் மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

இங்கே கம்பெனிகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு. இந்தப் பாகம் இந்த மாற்றத்தால்தான் கெட்டதா என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்வது சட்டம். சேஸிஸ் எண்ணில் ஒரு குறி போட்டுவிட்டு, பிறகு வருவதையெல்லாம் இயந்திரம் தள்ளிவிடும்படி வைப்பது அந்த ஆராய்ச்சியைச் செய்யாமலே தீர்ப்பு எழுதுவது. என்54 பம்ப் விவகாரமே இதற்கு உதாரணம்: டியூன் செய்யாத கார்களிலும் பெருமளவில் கெட்ட பாகம் அது. அப்படிப்பட்ட பாகத்துக்குக் குறியை மட்டும் பார்த்து மறுப்பது நியாயம் ஆகாது.

பிஎம்டபிள்யூவும் பின்னால் கதவை மூடியது. என்54-ன் கணினிக்குள் நுழையும் வழியை வெளியாட்கள் கண்டுபிடித்து, கடைசியில் கைப்பேசியிலிருந்தே மென்பொருளை மாற்றி எழுதும் நிலை வந்திருந்தது. 2020-ன் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில் எஞ்சின் கணினி வெளியாட்களால் எழுத முடியாதபடி பூட்டப்பட்டது. சிலர் கணினியையே கழற்றி பின்லாந்தில் உள்ள ஃபெம்டோ என்ற நிறுவனத்துக்கு அனுப்பிப் பூட்டைத் திறந்துகொண்டார்கள். எஞ்சின் கணினியைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிய பிறகு வாரண்டியில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

பணம் கொடுக்கும் முன்

இவ்வளவுக்குப் பிறகும் வாரண்டி உள்ள காரை டியூன் செய்ய விரும்புபவர் இருப்பார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அவரிடம் நான் முதலில் கேட்பது, சாட்சியத்தைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு என்பதுதான். மாட்டும் முன்பே தனியார் மெக்கானிக் ஒருவரிடம் முழு டயக்னஸ்டிக் அறிக்கை எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும்: ஃபால்ட் கோடுகள், எரிபொருள் அழுத்தம், டிரிம் எண்கள், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன். வேஸ்ட்கேட் சத்தமோ நெடுநேரம் சுற்றிப் பிடிக்கும் குறையோ முன்பே இருந்தால், டியூன் செய்வதற்கு முன் டீலரிடம் காட்டி சர்வீஸ் பில்லில் எழுத வைக்க வேண்டும். அது எழுத்தில் இருந்தால் பின்னால் வரும் வாக்குவாதத்தின் திசையே மாறும்.

அடுத்து, டியூன் விற்பவரிடம் கேட்க வேண்டியது குதிரைத்திறன் எண்ணை அல்ல. கம்பெனி மறுத்தால் எந்தப் பாகத்துக்கு, எவ்வளவு தொகை வரை, எவ்வளவு காலம் நீங்கள் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். சட்டத்தின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்பவர் எதற்கும் பொறுப்பேற்கவில்லை. கூடவே, உண்மையான பூஸ்ட்டைத் தனியாகப் பதிவு செய்யும் வசதி அவர் பெட்டியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கணினியின் பதிவு நம்பகத்தன்மை இழந்த பிறகு, உரிமையாளரிடம் மிஞ்சும் ஒரே பதிவு அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய சொகுசு செடான் வாங்குபவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். டிடி1 போன்ற அடையாளம் காரின் எண்ணோடு போகும். முதல் உரிமையாளர் மென்பொருளை மாற்றி, திரும்ப ஒரிஜினலை ஏற்றி, கழுவித் துடைத்து விற்ற காரில், வாரண்டி மறுப்பைச் சந்திப்பது டியூனிங் என்ற சொல்லையே கேட்டிராத இரண்டாவது உரிமையாளர். மிச்ச வாரண்டி இருக்கிறது என்று சொல்லி விலை கூட்டிக் கேட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கொடுத்து, எஞ்சின் வாரண்டிக்கு ஏதாவது தடை பதிவாகியிருக்கிறதா என்று அச்சிட்ட தாளில் பதில் வாங்குங்கள். தாள் தர விற்பவரோ டீலரோ தயங்கினால், அந்தக் காருக்கு வாரண்டி இல்லை என்றே வைத்து விலை பேசுங்கள்.